ஐந்து வயதில் திறக்கும் வாசல்

மே மாதக் கடைசி. காலை பத்தரைக்கே வடசென்னை வியாசர்பாடியில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஹவுசிங் போர்டு குடியிருப்பின் படிக்கட்டில் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியைகள் இரண்டு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள், பின்னால் நான். ஒருவர் கையில் துண்டறிக்கைக் கட்டு, இன்னொருவர் கையில் நீள நோட்டு. கீழே சத்துணவு அமைப்பாளர் ஃபிளெக்ஸ் பேனரைப் பிடித்தபடி நிழல் தேடி நின்றார். காலை உணவு, மதிய உணவு, சீருடை, பாடநூல், நோட்டு, புத்தகப்பை, காலணி என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக 'விலையில்லா' என்று போட்டிருந்தது. ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை சேர்க்கும் வேலை. இதை 'கேன்வாஸ்' என்றுதான் ஆசிரியர்கள் சொல்கிறார்கள், தேர்தல் வேலையைச் சொல்வதுபோல.

இரண்டாவது மாடியில் கதவைத் திறந்த பெண், ஆசிரியையைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க டீச்சர், உள்ள வாங்க, மோர் குடிங்க" என்றார். அவருடைய மூத்த மகள் இந்த ஆசிரியையிடம் படித்தவள்.

"பெரியவ பி.காம். கடைசி வருஷம் டீச்சர். உங்க பேரச் சொல்லாத நாளே கிடையாது."

"சந்தோஷம்மா. சின்னவனுக்கு அஞ்சு முடிஞ்சிருச்சுல்ல? எங்ககிட்ட அனுப்பேன்."

"அவன்தான் வேன்ல போறானே டீச்சர். எல்.கே.ஜி.யே பிரைவேட்ல போட்டாச்சு. இனிமே மாத்துனா அவங்கப்பா கத்துவாரு."

மோர் வந்தது. குடித்தோம். இறங்கும்போது ஆசிரியை சொன்னார்: "என்னைய நம்பறாங்க சார். ஸ்கூலத்தான் நம்ப மாட்றாங்க."

எழுத வந்த கேள்வி எனக்குப் படிக்கட்டிலேயே கிடைத்துவிட்டது. ஆசிரியரை நம்பும் குடும்பம், அவர் வேலை பார்க்கும் பள்ளியை ஏன் நம்புவதில்லை?

வசதி இல்லை என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. பெருநகர சென்னை மாநகராட்சியிடம் இன்று சுமார் 420 பள்ளிகள் இருக்கின்றன. பழைய நகர எல்லைக்குள் இருந்தவை 281. 2011-ல் நகரம் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அந்த விரிவாக்கப் பகுதிகளில் பள்ளிக் கல்வித்துறையின் கீழ் இருந்த 139 பள்ளிகளும் பல வருஷம் கழித்து மாநகராட்சிக்குக் கைமாறின. பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் கடனுதவி வரும் திட்டத்தின் கீழ் 28 பள்ளிகள் புதுப்பிக்கத் தேர்வாயின. ஸ்மார்ட் வகுப்பறை, வண்ணச் சுவர், விளையாட்டுத் திடல் எல்லாம் வந்திருக்கின்றன. 'கார்ப்பரேஷன் ஸ்கூல்' என்று சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்றுதான் பெயர்ப்பலகையைக்கூட 'சென்னை தொடக்கப் பள்ளி', 'சென்னை மேல்நிலைப் பள்ளி' என்று மாற்றினார்கள். தெருவில் இன்னும் கார்ப்பரேஷன் ஸ்கூல்தான்.

கட்டடம் முன்னைவிட நன்றாக இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, ஆசிரியர்களின் படிப்புத் தகுதி பெரும்பாலான தெருமுனை நர்சரிகளைவிட மேல். இவ்வளவுக்கும் பிறகு வேன் நிரம்பி ஓடுகிறது.

நானும் அந்த வேன் கூட்டத்தில் ஒருவன்தான், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்புவரை நான் படித்தது மாநகராட்சிப் பள்ளி. மகளுக்கு மூன்று வயது முடிந்த வருஷம், ஒரு ஜனவரியில், நான் படித்த பள்ளிக்கே போய் விசாரித்தேன். அங்கே எல்.கே.ஜி. இல்லை. "அஞ்சு வயசு முடியட்டும் சார், ஜூன்ல கூட்டிட்டு வாங்க" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அதே வாரம் பக்கத்துத் தெரு மெட்ரிக்கில் விண்ணப்பம் வாங்கினோம். இப்போது அவள் நான்காம் வகுப்பு. இடையில் ஒரு ஜூன் மாதத்திலும் அவளை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் வாசல்

அந்த ஜனவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் இருக்கும் இரண்டரை வருஷத்தில்தான் கதை முடிந்துவிடுகிறது. சென்னையில் ஒரு பிள்ளை எந்தப் பள்ளி என்பது ஐந்து வயதில் முடிவாவதில்லை. மூன்று வயதில் முடிவாகிறது. தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி. சேர்க்கை பொங்கலுக்கு முன்பே சூடுபிடித்துவிடும். அரசு தன் பங்குக்கு, ஜூனில் தொடங்கும் சேர்க்கையை மார்ச் 1-லேயே தொடங்கிப் பார்த்தது. நல்ல யோசனைதான். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் இரண்டு சுற்றுப் பின்தங்கியவர் நாலடி முன்னால் தள்ளி நின்றால் எவ்வளவு பலன் கிடைக்குமோ அவ்வளவுதான்.

ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளையைக் கேட்டு ஆசிரியை கதவைத் தட்டும்போது, அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு சீருடை இருக்கிறது, ஒரு 'மிஸ்' இருக்கிறார், வேன் அங்கிள் இருக்கிறார், ஆண்டுவிழாவில் தேனீ வேஷம் போட்ட போட்டோ ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. அங்கிருந்து எடுத்துக் கார்ப்பரேஷன் பள்ளியில் போட்டால் அக்கம்பக்கம் கேட்கும் முதல் கேள்வி, "என்னாச்சு, ஃபீஸ் கட்ட முடியலையா?" சேர்ப்பது ஒரு முடிவு. மாற்றுவது மானப் பிரச்சினை.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2019 ஜனவரியில் மாநிலம் முழுக்க நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். மழலையருக்கென்று தனி ஆசிரியர் போடாமல், தொடக்கப் பள்ளிகளில் உபரி என்று கணக்கிட்ட இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். போனவர்களுக்கும் அது பிடிக்கவில்லை. 2022 ஜூனில் இந்த வகுப்புகள் இனிப் பள்ளியில் இல்லை, பழையபடி அங்கன்வாடியே பார்த்துக்கொள்ளும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டு, தற்காலிக ஆசிரியர்களோடு தொடரும் என்றார்கள். அந்தச் சில நாளில் யு.கே.ஜி. பிள்ளையின் அம்மா என்ன நினைத்திருப்பார்? மூன்றரை வருஷம் நடந்த ஒரு வகுப்பு, ஒரு அறிக்கையில் மூடும், அடுத்த அறிக்கையில் திறக்கும். தெருமுனை நர்சரி நடத்துபவர் எவ்வளவு மோசமானவராக இருந்தாலும் எல்.கே.ஜி.யை மட்டும் மூட மாட்டார். அவர் பிழைப்பே அதில்தான்.

என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் மற்ற எல்லாக் காரணங்களையும்விடக் கனமானது இதுதான். ஆங்கிலம், ஒழுக்கம், கழிப்பறை என்று பெற்றோர் பின்னால் சொல்லும் காரணங்களில் பாதி, ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்குத் தேடிய சாட்சிகள்.

சோறும் படிப்பும்

இந்த நகரத்துக்குப் பள்ளி மீது நம்பிக்கை வந்த கதையும் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்குகிறது. 1920 செப்டம்பரில் சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. பசியோடு இருக்கும் பிள்ளை பள்ளிக்கு வராது, வந்தாலும் நிற்காது என்று கண்டுபிடித்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர்., 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் என்று நூறு வருஷமாக அந்த ஒரு அணா நீண்டுகொண்டே வந்திருக்கிறது.

சோற்றைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அதில் வளர்ந்தவன் நான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு வரவைக்கும் சாமர்த்தியம் வேறு, பெற்றோரை நம்பவைக்கும் சாமர்த்தியம் வேறு. வியாசர்பாடியில் பார்த்த பேனரில் ஏழு பொருள் இருந்தது. படிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பக்கத்து மின்கம்பத்தில் கட்டியிருந்த தனியார் பள்ளித் தட்டியில் பொருள் ஒன்றுமில்லை, 'ஸ்போக்கன் இங்கிலிஷ், அபாகஸ், கராத்தே' என்று மட்டும் இருந்தது. ஒருவர் கொடுப்பதைச் சொல்கிறார், இன்னொருவர் ஆக்கிக் காட்டப் போவதைச் சொல்கிறார். அபாகஸால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இதுவரை புரியவில்லை, அது வேறு விஷயம்.

யார் முதலில் போனார்கள்

முதலில் போனது நடுத்தர வர்க்கம். சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்த மெட்ரிகுலேஷன் பள்ளிகள் 1970-களின் பிற்பாதியில் மாநில அரசின் பொறுப்புக்கு வந்தன. 1978-ல் பிளஸ் டூ வந்தது. அதன்பிறகு எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சென்னையில் வீடுகள் பள்ளிகளாயின. கீழே வீட்டுக்காரர், மாடியில் நர்சரி, மொட்டை மாடியில் கீற்றுக்கொட்டகை போட்டு மூன்றாம் வகுப்பு. அரசு ஊழியர், வங்கி ஊழியர், ஆசிரியர்கள், இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் முதல் அலை. ஆட்டோ ஓட்டுபவர், இஸ்திரி போடுபவர், வீட்டு வேலை செய்யும் பெண், காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர், இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அடுத்த அலை. ஜூன் மாதம் வடசென்னையின் எந்த அடகுக் கடை வாசலிலும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், டெர்ம் ஃபீஸுக்காக மோதிரம் உள்ளே போவதைக் காணலாம்.

முதல் அலை போனபோது இடம் மட்டும் காலியாகவில்லை. சத்தம் போடத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். கணக்கு ஆசிரியர் மூன்று மாதமாக இல்லை என்றால் கல்வி அலுவலகத்துக்குப் போய் மேஜைமேல் மனுவை வைப்பவர், கவுன்சிலரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர், பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம் எழுதுபவர், எல்லாரும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு வாசலுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த பெற்றோருக்கு அரை நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளில்தான் படிக்கவைக்க வேண்டும், அதற்கு வழிசெய்யுங்கள் என்று உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. நடைமுறைக்கு வராத உத்தரவு. ஆனாலும் நோய் எங்கே என்று அந்த நீதிபதிக்குத் தெரிந்திருந்தது.

2011-ல் ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. உச்ச நீதிமன்றம் வரை போய் அந்த ஆகஸ்டில் சமச்சீர்க் கல்வி உறுதியானது. மெட்ரிக்குக்கும் கார்ப்பரேஷனுக்கும் ஒரே பாடநூல், ஒரே பத்தாம் வகுப்புத் தேர்வு. அடுத்த கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழி வகுப்புகளும் பரவின. தர்க்கப்படி பார்த்தால் மெட்ரிக்குக்குக் கட்டணம் கட்ட அப்புறம் காரணமே இருந்திருக்கக் கூடாது. நடந்தது வேறு. பல மெட்ரிக் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. 2017-ல் தமிழ்நாட்டுக்கும் நீட் வந்ததும் அந்த ஓட்டம் இன்னும் வேகமெடுத்தது. பெற்றோர் காசு கொடுத்தது பாடத்திட்டத்துக்கு இல்லை, வித்தியாசத்துக்கு என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த வித்தியாசத்தில் வெளியே சொல்லாத ஒரு பங்கு உண்டு. "அங்க பசங்க சரியில்ல சார்" என்று பத்துப் பெற்றோராவது என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பசங்க, என்ன செய்தார்கள் என்று கேட்டால் பதில் இழுபடும். குடிசைப் பகுதிப் பிள்ளைகள், சில தெருப் பிள்ளைகள், சில சாதிப் பிள்ளைகள் என்பது அதன் அர்த்தம். பக்கத்து பெஞ்சில் யார் உட்கார வேண்டாம் என்பதற்கும் சேர்த்துத்தான் இந்த ஊரில் கட்டணம் கட்டுகிறோம். எந்த ஸ்மார்ட் வகுப்பறையும் இதற்கு மருந்தாகாது.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

ஒரு சின்னக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று, 120 வரை நான்கு, 200 வரை ஐந்து. காகிதத்தில் அழகான விகிதம், முப்பது பிள்ளைக்கு ஒருவர். ஆனால் வகுப்புகள் எப்போதும் ஐந்துதான். 58 பிள்ளை உள்ள பள்ளியில் இரண்டு பேர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் கூட்டத்துக்குப் போவார், கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவு முதல் செருப்பு அளவு வரை ஏற்றுவார். வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தால் இன்னொருவர் வீடு வீடாகப் போவார்.

வியாசர்பாடியில் கேன்வாஸ் போன ஆசிரியையின் வகுப்பறையை இன்னொரு நாள் பார்த்தேன். ஒரே அறையில் முதல் மூன்று வகுப்புகள். தரையில் மூன்று வட்டம். ஒன்றாம் வகுப்பு வட்டம் படம் ஒட்டிக்கொண்டிருந்தது, மூன்றாம் வகுப்பு வட்டத்துக்கு வாசிப்பு அட்டை, நடுவில் இவர் இரண்டாம் வகுப்புக்கு முழங்காலிட்டுக் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். புளியங்கொட்டையை எண்ணி, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் ஒரு கட்டை அவிழ்த்து, கடன் வாங்கிக் கழிப்பதைக் கையால் காட்டினார். என் மகளின் மெட்ரிக்கில் இதைவிட நல்ல கணக்குப் பாடத்தை நான் பார்த்ததில்லை. அங்கே 'பாரோ' என்று எழுதி வட்டம் போடச் சொல்வதோடு சரி.

ஆனால் அந்தப் புளியங்கொட்டை வீட்டுக்கு வருவதில்லை. வீட்டுக்கு வருவது நோட்டு. அம்மா சாயங்காலம் திறந்து பார்ப்பது நோட்டைத்தான். மெட்ரிக் நோட்டில் தினமும் தேதி, சிவப்பு மையில் 'குட்', ஒரு பக்கம் நிறைய எழுத்து, மூன்று வீட்டுப்பாடம். கார்ப்பரேஷன் பிள்ளையின் பையில் செயல்பாட்டுப் புத்தகம், அதில் ஒட்டிய படம். எதில் படிப்பு நடந்திருக்கிறது என்று அம்மா தீர்மானிக்க எது ஆதாரம்? அவர் பத்தாவது தாண்டாதவர், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர். நிறைய எழுதியிருந்தால் நிறையப் படித்ததாக அர்த்தம். பள்ளிக்கூடங்களை நாம் எல்லோருமே இப்படித்தான் எடைபோடுகிறோம், வெளியே தெரிகிற அடையாளத்தை வைத்து. தனியார் பள்ளி அந்த அடையாளத்தை உற்பத்தி செய்வதில் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. அரசுப் பள்ளி அப்படி ஒரு தேவை இருப்பதையே கண்டுகொள்வதில்லை.

இந்த இடத்தில்தான் சுழல் இறுகுகிறது. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும். ஆசிரியர் குறைந்தால் "ஒரே டீச்சர் மூணு கிளாஸ் பாக்குறாங்களாம்" என்று தெருவில் பேச்சு வரும். பேச்சு வந்தால் அடுத்த ஜூனில் இன்னும் நான்கு பிள்ளை குறையும். காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக ஆள் எடுக்கிறார்கள். உயர்த்தப்பட்ட பிறகு மாதத் தொகுப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000 ரூபாய். அடுத்த வருஷம் அவரே இருப்பாரா என்று அவருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. நியாயமாகச் சொன்னால் தெருமுனை நர்சரி மிஸ்ஸுக்கு இதுகூடக் கிடைப்பதில்லை, அவரும் வருஷா வருஷம் மாறுகிறார். ஆனால் அங்கே வகுப்புக்கு ஒருவர் என்று முகம் தெரிகிறது.

ஊரைக் காலி செய்தால் பள்ளி என்னாகும்

நம்பிக்கை குறைந்ததால் சேர்க்கை குறைந்தது என்று எல்லாப் பள்ளியிலும் சொல்ல முடியாது. நகரத்தின் நடுவில் இருக்கும் பல மாநகராட்சிப் பள்ளிகளில் பிள்ளைகள் இல்லாமல் போனதற்குக் காரணம் வேறு. பிள்ளைகளையே ஊரைவிட்டு அனுப்பிவிட்டோம்.

2000-த்திலிருந்து கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம். கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்த குடும்பங்களை நகரத்தின் தெற்கு ஓரத்துக்கு ஏற்றிக்கொண்டுபோய் விட்டார்கள். அப்பா வேலை சென்ட்ரல் பக்கம், வீடு இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி. பல அகற்றல்கள் கல்வியாண்டின் நடுவில் நடந்தன. 2017-ல் கிரீம்ஸ் சாலையை ஒட்டிய திடீர் நகர் குடும்பங்கள் பெரும்பாக்கம் போயின. 1920-ல் ஒரு அணாச் சிற்றுண்டி தொடங்கிய அதே ஆயிரம் விளக்கு வட்டாரம். அங்கே பக்கத்துப் பள்ளிகளில் பெஞ்சு காலியானது. இங்கே பெரும்பாக்கத்தில் பள்ளிகளில் இடம் போதவில்லை.

பிறகு ஒரு அதிகாரி மேஜையில் இரண்டு கணக்கும் தனித்தனியாக வருகிறது. மத்திய சென்னையில் 'சேர்க்கை சரிவு, மக்களிடம் வரவேற்பு இல்லை.' தென்சென்னை விளிம்பில் 'கூடுதல் வகுப்பறை தேவை.' ஒரே பிள்ளைதான் இரண்டு கணக்கிலும் இருக்கிறது என்று எந்தக் கோப்பும் சொல்லாது. சரிவு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வருவது இதனால்தான். கூடவே பிறப்பு விகிதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. பிள்ளைகளே குறைவு. ஒன்றோ இரண்டோ இருக்கும்போது, இருக்கிற காசை அதன்மேல் கொட்டத்தான் எவரும் நினைப்பார்கள்.

அரசே சொல்லும் செய்தி

கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் இது 2013-14 வாக்கில் நடைமுறைக்கு வந்தது. கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கும். நோக்கம் நல்லது, அந்தப் பிள்ளைகளும் எல்லோருடனும் சேர்ந்து படிக்கட்டும் என்பது. ஆனால் தெருவில் போய்ச் சேர்ந்த செய்தி என்ன? கேன்வாஸ் போகும் ஆசிரியை கதவைத் தட்டி "எங்க ஸ்கூல்ல போடுங்க" என்கிறார். அதே வீட்டு ஃபோனுக்கு "தனியார் பள்ளியில் இலவசச் சேர்க்கை, விண்ணப்பியுங்கள்" என்று வாட்ஸ்அப் வருகிறது. இரண்டுமே அரசு. நுழைவு வகுப்பு என்றால் பெரும்பாலும் எல்.கே.ஜி. மூன்று வயது வாசலில் அரசு நிற்கிறது, ஆனால் பக்கத்துக் கட்டடத்துக்கு வழிகாட்டிக்கொண்டு. பள்ளிக் கல்விக்கு ஒன்றிய அரசு தரும் சமக்ர சிக்ஷா திட்ட நிதியை அது நிறுத்திவைத்த தகராறில் 2025-ல் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தொடங்கவே இல்லை. அப்போது அலைமோதிய பெற்றோரில் எத்தனை பேர் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று எண்ணிப் பார்த்திருந்தால் ஒரு நல்ல பாடம் கிடைத்திருக்கும்.

பழி போடுவதிலும் ஒரு ஓரவஞ்சனை உண்டு. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்தது தனியார் நிர்வாகப் பள்ளியில். 2012 ஜூலையில் சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்து ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்ததும் தனியார் பள்ளியில்தான். அந்த வருஷமே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. வேன்களுக்கு மஞ்சள் வண்ணம் பூசினார்கள், மறுபடி நிரம்பின. அவை அந்தந்தப் பள்ளியின் குற்றமாக மனசில் பதிந்தன. ஒரு மாநகராட்சிப் பள்ளியில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தால் மட்டும், "கவர்ன்மென்ட் ஸ்கூல்னாலே இப்படித்தான்" என்று 420 பள்ளியும் ஒரே நாளில் கூண்டில் ஏறும்.

நல்ல பெயர் விஷயத்தில் கதை தலைகீழ். அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கைக்காகப் பெற்றோர் வரிசையில் நிற்பது வருஷா வருஷம் செய்தியாகிறது. காரில் வந்து நிற்பவர்களும் உண்டு. பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார்கள், தேர்ச்சி இருக்கிறது, பக்கத்து வீட்டு அக்கா அங்கே படித்து வேலைக்குப் போயிருக்கிறாள். அந்தப் புகழில் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கு ஒரு துளிகூடச் சேராது. கெட்ட பெயர் மொத்தமாக வரும், நல்ல பெயர் சில்லறையாகத்தான் வரும்.

ஆறாம் வகுப்பு என்னும் திருப்பம்

இவ்வளவுக்கும் நடுவில், நம்பிக்கை திரும்பிவரும் ஒரு வழி தெரிகிறது. 2019-20-ல் மாநிலம் முழுக்க அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவப் படிப்புக்குப் போனவர்கள் வெறும் 6 பேர். நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரைப்படி 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. முதல் வருஷமே மருத்துவமும் பல் மருத்துவமும் சேர்த்து இந்த ஒதுக்கீட்டு இடங்கள் 400-ஐத் தாண்டின. அடுத்த வருஷம் பொறியியல், சட்டம், வேளாண்மைக்கும் ஒதுக்கீடு நீண்டது. 2022 செப்டம்பர் 5-ம் தேதி புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன், கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய்.

எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை எங்கே படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. சென்னைப் பெற்றோர் கணக்கில் புலிகள். ஐந்துவரை வேன், ஆறிலிருந்து அரசு. கொரோனா காலத்தில் வருமானம் போய் வந்தவர்கள் நிலைமை சீரானதும் பலர் திரும்பிப் போனார்கள். ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டு வருபவர்கள் நிற்கிறார்கள். மேல்நிலைப் பள்ளிகளுக்கு இது நல்ல காலம். அடியில் இருக்கும் தொடக்கப் பள்ளிகளில் இந்த வெளிச்சம் விழவே இல்லை.

அன்றைக்கு வியாசர்பாடியில் நாங்கள் கடைசியாக ஏறியது நான்காவது மாடி. அங்கே ஒரு தாத்தாவும் பேத்தியும். பேத்திக்கு ஐந்து வயது, தனியார் பள்ளியில் யு.கே.ஜி. முடித்திருக்கிறாள். தாத்தா துண்டறிக்கையைக் கண்ணருகே வைத்துப் பொறுமையாக முழுவதும் வாசித்தார்.

"இப்ப வேணாம்மா. ஆறாங்கிளாஸுக்குக் கண்டிப்பா உங்ககிட்டதான். அந்த ஏழரை பர்சென்ட் இருக்குதுல்ல, அத வுட முடியுமா?"

ஆசிரியை சரிங்கய்யா என்று தலையாட்டி, நீள நோட்டில் பெயரை எழுதிக்கொண்டார். பெயருக்கு எதிரே வருஷத்தையும் போட்டார். பிறகு மாடிப்படியில் நின்று அதை அடித்துவிட்டு நோட்டை மூடினார். அவருடைய பள்ளியில் இருப்பது ஐந்தாம் வகுப்பு வரைதான்.